கம்பளியிலிருந்து காற்றுத்தடுப்பு ஜக்கெற் வரை

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீற்றர் உயரத்திலுள்ள, இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பகுதியான பொகவந்தலாவையில் குளிர் உண்டு, ஆனால் செங்குத்தான தோட்டப் பாதைகளில் சைக்கிளுக்கு அதிக வேலை இல்லை. 1977, 1983 ஆம் ஆண்டுகளின் தமிழர்க்கெதிரான வன்செயல்களுக்குப் பின் மலையகத் தமிழர் பலர் சென்று குடியேறிய கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளில் சைக்கிளே அன்றாட வாகனம், குளிர்தான் இல்லை. இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்தது, அங்கிருந்து மேலும் புலம்பெயர்ந்து டென்மார்க் போன்ற சமதரை நாடுகளை அடைந்தவர்களுக்கே.

சைக்கிள் ஓட்டுபவர் தமக்கான காற்றைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார்: வெப்பநிலை 5 பாகை செல்சியஸாக இருக்கையில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகக் காற்று முகத்தில் மோதினால், தோலுக்கு அது ஏறக்குறைய 1 பாகையாகவே படும். இதற்கு அஞ்சித் தடித்த கோட்டு ஒன்றை மாட்டிக்கொள்பவர், சற்றுத் தூரம் மிதித்ததும் வியர்த்துப்போய், சிக்னலில் நிற்கும்போது அந்த ஈரத்தாலேயே நடுங்குவார். ஆகவேதான் வியர்வையைத் தோலிலிருந்து அகற்றும் உள்ளுடுப்பு, காற்றைச் சிறைப்படுத்திச் சூட்டைக் காக்கும் நடு உடுப்பு, வெளிக்காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலுடுப்பு என அடுக்கி உடுத்துகிறார்கள். பருத்திப் பனியன் நீரை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்வதால் இங்கு உதவாது. கம்பளி நூலோ தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீத ஈரத்தை வாங்கிய பின்னும் நனைந்த உணர்வைத் தருவதில்லை.

அடுக்கி உடுத்தும் இந்த அறிவு தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதன்று. பனியில் நனைந்த தேயிலைச் செடிகள் சேலையை ஈரமாக்காதவாறு கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த விரிப்பே படங்கு. சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை. தலையிலிருந்து முதுகுவரை கம்பளி. முரட்டு ஆட்டுமயிர்ப் போர்வையான அக்கம்பளியைக் காலனியகாலத் தோட்ட நிர்வாகம் இலவசமாகத் தரவில்லை, தொழிலாளியின் கணக்கில் பற்றெழுதியே கொடுத்தது. பின்னர் பரவிய பொலித்தீன் மழையைத் தடுத்தாலும் வியர்வையையும் உள்ளேயே அடைத்துவிடும். ஐரோப்பியக் கடைகளில் மலிவு விலை மழைச்சட்டைகளின் குறையும் இதுவே.

புறப்படும்போது சற்றே குளிர வேண்டும், அப்போதுதான் வழியில் வியர்க்காது என்ற விதி, இருள் பிரியுமுன் லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து மலையேறி வேலைக்குச் சென்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும். அவர்கள் புதிதாகப் பழக வேண்டியது கையுறையே: கொழுந்து கிள்ளும் விரல்களுக்கு உறை இடைஞ்சல், பிரேக்கைப் பிடித்தபடி காற்றின் எதிரே நீளும் விரல்களோ உறையின்றேல் மற்ற உறுப்புகளுக்கு முன்பே மரத்துப்போகும்.