நீரை அறியும் கல்வி

நிலத்தை ஐந்திணையாகப் பகுத்துக் கண்ட தமிழர் நீர்நிலைகளையும் பெயரிட்டுப் பிரித்தறிந்தனர். ஊரார் பருகும் நீரைத் தேக்கியது ஊருணி. வயலுக்கு நீர் ஈந்தவை ஏரியும் கண்மாயும். ஏந்தல், தாங்கல் என்பன இன்றும் ஊர்ப்பெயர்களில் வாழ்கின்றன. அந்நீரினுள் உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழுமாற்றை ஆராயும் துறையே நன்னீர்ச் சூழலியல். சுவிட்சர்லாந்து அறிஞர் ஃபோரெல், ஜெனீவா ஏரியை ஆராய்ந்து 1892 முதல் 1904 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நூல், நீர்நிலை ஆய்வுக்குக் கால்கோள் எனலாம்.

எம் மகள் முதுகலையில் இத்துறையைத் தேர்ந்தபோது உறவினர் பலரும் வியந்தனர். மருத்துவமோ கணினியோ பயிலாது, குளத்து நீரைக் குப்பியில் அடைக்கவா இத்துணைப் படிப்பு என்றனர். பெண்பிள்ளை விடியுமுன் குளக்கரைக்குச் செல்வதா எனப் பெரியவர் சிலர் கவன்றனர். அக்கவலையில் அன்பு இருந்தது. ஆதலின் யாம் வாதிடவில்லை. பஜ்ருத் தொழுகை முடிந்ததும் யாமே அவளுக்குத் துணையாகச் சென்று வந்தோம்.

அவ்வாண்டு மழைக்காலத்தில், வானம் மூன்று நாள் மூடிக் கிடந்தபின் ஒரு காலை, குளத்து மீன்கள் கூட்டங்கூட்டமாய்ச் செத்து மிதந்தன. மீன்பாசிக் குத்தகையின் பேரில் இரு தெருவாரிடையே முன்னரே மனத்தாங்கல் இருந்தது. எதிர்த் தெருவார் நஞ்சு கலந்துவிட்டனர் எனும் பேச்சு எழுந்து, காவல் நிலையத்திற்கு முறையீடு எழுதும் அளவுக்கு வளர்ந்தது.

மகள் மறுநாளும் குப்பிகளோடு புறப்பட்டாள். நீரில் கரைந்துள்ள உயிர்வளியை அளக்க அங்கேரி நாட்டு வேதியியலார் விங்க்ளர் 1888-இல் வகுத்த முறை இன்றும் மாணவர் கையில் இருக்கிறது. குப்பி நீரில் மாங்கனீசு உப்பையும் காரங் கலந்த அயோடைடையும் சேர்த்தால், உயிர்வளி இருப்பின் பழுப்பு வீழ்படிவு தோன்றும். இல்லையேல் அது வெண்மையாகவே நிற்கும். கதிரெழுமுன் எடுத்த நீர் ஏறக்குறைய வெண்மையாகவே நின்றது. வெயில் தலைகாட்டிய பிற்பகலில் எடுத்த நீரோ நன்கு பழுத்துத் தோன்றியது.

"அத்தா, பாசி பகலில் உயிர்வளியைத் தருகிறது; இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து அதையே செலவிடுகிறது. மூட்டமான நாளில் வரவு குறைவு, செலவு குறைவதில்லை. அதனால் விடியற்காலையில்தான் மீனுக்கு மூச்சு முட்டும்" என்றாள். சாக்கடை நீரில் வரும் சத்துகளால் பாசி அளவுக்கு மீறிப் பெருகும் குளத்தில் இவ்வாபத்து மிகுதி என்பதையும் விளக்கினாள்.

ஊர்ப் பெரியவர்கள் அழைத்து வினவினர். "நஞ்சு கலக்கவில்லை என்று என்னால் கூற இயலாது, நான் அதை அளக்கவில்லை. நஞ்சின்றியும் இம்மீன்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மட்டும் இவ்வளவீடு காட்டுகிறது" என்றாள். அவையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் முதியவர் ஒருவர், "இரண்டு தெருச் சாக்கடையும் அந்தக் குளத்தில்தானே விழுகிறது?" என்றார். முறையீடு நிறுத்தி வைக்கப்பட்டது. சாக்கடை இன்னும் திருப்பப்படவில்லை. எனினும் அன்று இரு தெருவாரிடையே பகை மூளாமல் நின்றது.

அறிந்ததைச் சொல்லக் கற்பது எளிது. அறிந்த அளவோடு நிறுத்தக் கற்பது அரிது. முதுகலைக் கல்வியின் பயன் இதுவே என யாம் கருதுகிறோம்.

தமிழகத்தில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி குளங்கள் உள்ளன. அவற்றின் பெயர்களை அறிந்த தமிழ் மாணவரும், நீரின் இயல்பை அறிந்த அறிவியல் மாணவரும் ஒரே கரையில் கூடி நிற்றல் வேண்டும். இத்துறையை நாடும் பிள்ளைகளை, பெண்பிள்ளைகளையும், பெரியோர்கள் தடுக்க வேண்டா. அஞ்சினால் உடன் சென்று வாருங்கள். விடியற்காலைக் குளக்கரை, உடன் வருவோர்க்கும் பாடம் சொல்லும்.