சம்பந்தியும் சவுனாவும்

சனிக்கிழமை வந்தால் எனக்கு இரண்டு வேலை தவறாது. காலையில் எண்ணெய்க் குளியல். ராத்திரி ஏழரை மணிக்குச் சம்பந்தியோடு வாட்ஸப்பில் பேச்சு. குளிர்காலத்தில் அது எட்டரை ஆகிவிடும். அவர்கள் ஊரில் அப்போது கடிகாரத்தையே ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிடுகிறார்கள். ஊர் பின்லாந்தில் தாம்பெரே. தாம்பரம் இல்லை, நம் நடைப்பயிற்சி நண்பர்களில் பாதிப் பேர் இன்னும் தாம்பரம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பொன்மலை ஒர்க் ஷாப். இருவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. அவர் வார்த்தையைத் தேடித் தேடிப் பேசுவார். நான் தேடாமலே பேசிவிடுவேன். வணக்கம், குட் ஈவினிங் எல்லாம் கிடையாது. சவுனாவின் உள்ளே தொங்குகிற வெப்பமானியைப் படம் பிடித்து அனுப்புவார். நேற்று 82 டிகிரி. நான் திருச்சி வெயிலை எழுதி அனுப்புவேன்: "இங்கே 39. விறகு செலவில்லை."

சவுனா என்பது மரப்பலகை அடித்த ஒரு வெப்ப அறை. மூலையில் அடுப்பு, அடுப்பின் மேல் கருங்கல் குவியல். கல் நன்றாகக் காய்ந்ததும் படிபோல் அடுக்கிய பலகையில் உட்கார்ந்து, அகப்பையால் தண்ணீர் மொண்டு கல் மேல் ஊற்றுவார்கள். ஜனத்தொகை சுமார் 55 லட்சம். சவுனா 30 லட்சம் இருக்கும் என்கிறார்கள். அவர்கள் பாராளுமன்றக் கட்டடத்திலும் ஒன்று உண்டு. 2020-ல் யுனெஸ்கோ இந்தப் பழக்கத்தைத் தன் பட்டியலில் சேர்த்தது. தாம்பெரேயில் 1906-ல் திறந்த பொதுச் சவுனா ஒன்று இன்றைக்கும் நடக்கிறது. நாட்டிலேயே இன்றும் இயங்குகிற பொதுச் சவுனாக்களில் அதுதான் பழையது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்களுக்கும் சனிக்கிழமைதான் சவுனா நாள். தினமும் போகிறவர்கள் இருந்தாலும் சனிக்கிழமை தனி. அவர்கள் மொழியில் சனிக்கிழமைக்கு 'லவந்தாய்'. ஸ்வீடன் பக்கத்திலிருந்து பழைய காலத்தில் வந்த சொல். அதன் மூலப் பொருளே குளிக்கும் நாள் என்பதுதான். ஆத்திசூடி படித்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இவ்வளவு சந்தோஷமாகப் பேசுகிறேனே, இந்த மனிதரை ஆறு வருஷம் நான் பார்க்கவே இல்லை. மகள் அங்கே படித்தாள், அங்கேயே வேலை கிடைத்தது, அங்கேயே பையனையும் பார்த்துக்கொண்டாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சொன்ன காரணங்களை இப்போது எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. 2017 ஆகஸ்டில் பதிவுத் திருமணம். நான் போகவில்லை, மனைவியையும் விடவில்லை. அன்றைக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. அடுத்த வருஷம் பேத்தி பிறந்ததும் பேச்சு ஏதோ ஒட்டிக்கொண்டது. "சாப்பிட்டியா, குளிர் எப்படி" என்ற அளவில். 2022-ல் என் மனைவி தவறிப்போனாள். மகள் வந்து பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போனாள். 2023 ஜூனில் டிக்கெட்டையே போட்டு அனுப்பி, "ஒரு தடவை வந்துட்டுப் போங்கப்பா" என்றாள்.

போனேன். பேத்திதான் எனக்கு பின்னிஷ் மொழி வாத்தியார். ஐந்து வயசு, பிரம்பு இல்லாத குறைதான். வீட்டுக்கு 'தலொ'. வீட்டில், 'தலொஸ்ஸ'. வீட்டிலிருந்து, 'தலொஸ்த'. என் வீட்டில், 'தலொஸ்ஸனி'. என் வீட்டிலும் என்றால் 'தலொஸ்ஸனிகின்'. நம்முடைய 'உம்' அவர்களுக்குக் 'கின்'! வால் மேல் வாலாக ஒட்டிக்கொண்டே போவது நம் சமாச்சாரம்தானே? "துலெத்கொ?" என்றால் வருகிறாயா, "துலென்" என்றால் வருகிறேன். ஆமாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. வினைச்சொல்லையே திருப்பிச் சொன்னால் போதும், நம்மைப் போல. ப்ளீஸ் என்பதற்குச் சரியான சொல் அவர்களிடம் இல்லை. நம்மிடம் 'தயவுசெய்து' இருக்கிறது, யார் வீட்டில் பேசுகிறோம்? ஸ்கூலை நம் பாட்டிமார் 'இஸ்கூல்' ஆக்கினார்கள். இவர்கள் முன்னால் இருக்கிற 'ஸ்' எழுத்தையே வெட்டிவிட்டு 'கோவ்லு' என்கிறார்கள். இரண்டு பேருக்கும் நாக்கில் அதே இடத்தில்தான் கஷ்டம்.

உடனே ரத்த உறவு என்று கிளம்பிவிட வேண்டாம். கால்டுவெல் அந்த நாளிலேயே இந்தப் பக்கத்து மொழிகளோடு நம்முடையதை ஒப்பிட்டுப் பார்த்தவர். ஆனால் அது நிலைபெறவில்லை. சிந்துவெளி எழுத்துக்குப் பின்னால் இருப்பது திராவிட மொழி என்று வாதிட்டு, 2010 கோவை செம்மொழி மாநாட்டில் விருது வாங்கிய அஸ்கோ பர்ப்போலா பின்லாந்துக்காரர்தான். எனக்குத் தோன்றுவது, இரண்டு மொழிக்கும் இருப்பது சம்பந்தி உறவு.

குறிலும் நெடிலும் அங்கேயும் ஆளைக் கவிழ்க்கும். 'தபான்' என்றால் சந்திக்கிறேன். 'தபன்' என்றால் கொல்கிறேன். வந்த முதல் நாள் சம்பந்தியிடம், "நாளைக்கு உன்னைச் சந்திக்கிறேன்" என்று பேத்தி சொல்லிக் கொடுத்ததைப் பெருமையாகச் சொன்னேன். மனுஷர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். அவர் பங்குக்கு இன்றைக்கும் காபிக்குப் 'பல்' கேட்கிறார்.

இன்னொன்று. ஆமாம் என்பதற்கு 'யோ' என்பார்கள். சம்பந்தி அதை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வார். முதலில் நெஞ்சு வலியோ என்று பயந்துபோனேன். அப்புறம், அவன், அவள் இரண்டுக்கும் அவர்களிடம் ஒரே சொல். அதனால் அவர் இங்கிலீஷில் எல்லோரும் 'ஹி'தான். சம்பந்தியம்மாவைக் காட்டி, "ஹி மேக்ஸ் குட் ஃபிஷ் சூப்" என்பார். நாங்கள் சிரிப்போம்.

ஜூன் கடைசியில் அவர்களுக்குக் கோடைப் பண்டிகை. ஏரிக்கரையில் அவர்களுடைய மரக் குடிலுக்குப் போனோம். ராத்திரி பதினோரு மணிக்கும் வெளிச்சம். கரையை ஒட்டி விறகு சவுனா. உள்ளே போகத் துணி கூடாது என்றதும் நான் பின்வாங்கினேன். "எங்கள் அப்பாவே எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போது கோவணம் கட்டியிருப்பார்" என்று விளக்க முயன்றேன். கோவணத்துக்கு இங்கிலீஷ் தெரியாமல் கையால் வேறு காட்ட வேண்டியதாயிற்று. கடைசியில் துண்டோடு வரலாம் என்று சலுகை கிடைத்தது.

திருச்சிக்காரனுக்கு வெயிலைக் காட்டுகிறாயா என்ற திமிரில் நேரே மேல் பலகைக்குப் போனேன். இரண்டு நிமிஷத்தில் கீழ்ப் பலகைக்கு வந்துவிட்டேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவன் கீழேயே இருப்பதுதான் நல்லது என்றார். 80 டிகிரியில் மனுஷன் எப்படி வேகாமல் இருக்கிறான் என்று கேட்டேன். ஆவியோடு வேலை பார்த்த இரண்டு பேருக்கு இது நல்ல பேச்சு. காய்ந்த காற்று அவ்வளவு சூட்டைக் கொண்டுவந்து தராது, வேர்வை உலர உலர உடம்பைக் குளிர்த்துக்கொண்டும் இருக்கும். கல்லில் தண்ணீர் விட்டதும் ஈரம் ஏறி, ஆவி நம் தோல் மேலேயே படிந்து தண்ணீராகிறது, அப்போதுதான் சுரீர் என்கிறது. நடுவில் இலையோடு கூடிய பிர்ச் மரக்கொத்தை நனைத்து முதுகில் அடித்துக்கொண்டார். என்னையும் அடித்தார். ஊரில் வேப்பிலை அடிப்பார்களே, அதேதான், மந்திரம் மட்டும் இல்லை.

சும்மா பேச்சுக்குக் கேட்டேன்: "என்னைத் தவிர யாராவது இதற்குள் வரமாட்டேன் என்று சொன்னது உண்டா?"

அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"ஒருத்தன் உண்டு. வெளியே படியில் உட்கார்ந்திருந்தான். கையில் போன். அப்போது இங்கே அந்தப் படியில்தான் சிக்னல் கிடைக்கும். அப்பா கூப்பிடுவார் என்று சொன்னான்."

"அப்புறம்?"

"சவுனா ஆறிப்போனது. மறுபடி விறகு போட்டேன். மறுபடியும் ஆறியது. மூன்றாம் தடவையும் போட்டேன்."

"அப்பா கூப்பிட்டாரா?"

"இல்லை."

யார் பெற்ற பிள்ளையோ என்று இருந்தது எனக்கு. "என்ன மனுஷன் அவன்! பிள்ளை காத்துக்கொண்டிருக்கும் என்றுகூடவா தெரியாது?" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

சம்பந்தி ஒன்றும் பேசவில்லை. அகப்பையைத் தொட்டியில் வைத்தார். பிறகு சொன்னார்: "அவன் புடவையில் கரி பட்டுவிட்டது. என் மனைவி சோப்புப் போட்டுத் துவைத்தாள். சிவப்புச் சாயம் ஓடிவிட்டது. பட்டை அப்படித் துவைக்கக் கூடாது என்று எங்களுக்குத் தெரியாது."

குத்திக்காட்டினாரா என்றால் இல்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அங்கே அப்படித்தான் பேசுவார்கள்.

சிவப்புப் பட்டு எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் மனைவியின் கூரைப்புடவை. அவள் போன அன்றைக்குப் போர்த்துவதற்காகப் பீரோவைக் குடைந்து, கிடைக்காமல், வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன். தெரிந்தவர்கள் யார் மூலமோ அவள் அதை 2017-லேயே அனுப்பிவிட்டிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்கிற மாதிரி நான் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ. "லோய்லு?" என்று கேட்டார். தலையாட்டினேன். கல்லில் தண்ணீர் விழுந்து இரைந்தது. அந்தச் சத்தத்துக்காகத்தான் ஊற்றினாரோ என்று இப்போது தோன்றுகிறது. முகத்தில் வழிந்தது எது என்று அங்கே யாரும் பிரித்துப் பார்க்க முடியாது.

பிறகு நான்தான் பேச்சை எடுத்தேன். லோய்லு என்றால் என்ன? கல்லிலிருந்து வருகிற ஆவி என்றார். ஆதியில் அதற்கு மூச்சு, உயிர் என்றும் பொருளாம். ஹங்கேரிக்காரர்கள் அதே சொல்லைத் தங்கள் வாயில் ஆன்மாவுக்குச் சொல்கிறார்களாம். எங்கள் தமிழிலும் ஒரே சொல்தான், அடுப்பில் வருவதும் ஆவி, ஆளை விட்டுப் போவதும் ஆவி என்றேன். இரண்டு மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டு, தானும் சொல்லிப் பார்த்தார். அந்தக் காலத்தில் பிரசவம் பார்த்ததும் சவுனாவில்தான், இறந்தவரைக் குளிப்பாட்டியதும் சவுனாவில்தான். அவருடைய அம்மா அவரைப் பெற்றது அப்படி ஒரு சவுனாவில். அவர் தாத்தாவைக் கழுவிக் கிடத்தியதும் அதே பலகையில்.

என் மனைவியின் கடைசி மாதங்களைப் பற்றி அன்றைக்குத்தான் முழுக்கப் பேசினேன். பெற்ற மகளிடம்கூட அவ்வளவு சொன்னதில்லை. பாதிக்கு மேல் தமிழிலேயே பேசியிருப்பேன். இடையிடையே 'யோ' என்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தால் படியில் மகள் காபியோடு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "இங்கதான் சிக்னல் கிடைக்குமாமே" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப உள்ளேயும் கிடைக்குதுப்பா. புது டவர் போட்டுட்டாங்க" என்றாள்.

"ஊர்லேர்ந்து நல்லெண்ணெய் கொண்டாந்தேன். தலைக்கு வெச்சு விடட்டுமா?"

"இன்னிக்கு சனிக்கிழமை. பொம்பளைங்களுக்கு வெள்ளிக்கிழமைதான்னு அம்மா சொல்வாங்களே" என்றாள். சொல்லிக்கொண்டே இறங்கி, கீழ்ப்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்தாள்.

சம்பந்தி ஏரியில் போய்த் தொப்பென்று விழுந்தார். நான் முழங்கால் வரை இறங்கியதே பெரிசு.

நேற்று பேசி முடிக்கும்போது வழக்கம்போல் "தபான்" என்றார். நானும் வழக்கம்போல் "தபன்" என்றேன். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டு, வீட்டில் பல் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போக வேண்டும் என்று போனை வைத்தார்.