தறியிலிருந்து நகரசபைக்கு

எங்கள் தீவகத்தாருக்கு வணிகம் புதிதன்று. ஊர்காவற்றுறையிற் பாய்க்கப்பல்கள் நங்கூரமிட்ட காலந்தொட்டே வேலணைப் புகையிலை வெளியூர் சென்றது. புங்குடுதீவாரும் நயினாதீவாரும் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்தனர். கடையில் ஈட்டியதைக் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மனமுவந்து கொடுத்தனர். ஆயினும், நகர ஆட்சி என்றவுடன் அது சட்டம் படித்தவர்க்கும் வைத்தியர்க்கும் உரியதென ஒதுங்கி நிற்றல் எம்மவரிற் பலர்க்கு வழக்கம். 1937இற் கொழும்பு மாநகரின் முதலாவது மேயராகத் தெரிவான தமிழரும் இரத்தினசோதி சரவணமுத்து என்னும் வைத்தியரே. சுருட்டுக்கடை நடத்திய என் சிறிய தந்தையார், “கடை வேறு, கச்சேரி வேறு, தம்பி” என்பார். அவர் சொல்லுக்கு மறுமொழியாக நான் எண்ணிக்கொள்வது, சென்னைச் சேர் பிட்டி தியாகராய செட்டியாரின் வரலாற்றையே.

1852இற் பிறந்த அவர் மாநிலக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர். பட்டம் பெற்றும் உத்தியோகம் தேடாது, குடும்பத் தொழிலாகிய நெசவிலும், தோல், உப்பு வியாபாரத்திலும் ஈடுபட்டார். கயிற்றை இழுத்தவுடன் நாடா தானே ஓடும் புதுமுறைத் தறிகளைத் தம் சாலையில் அமைத்தார். 1882 முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சென்னை நகரசபையில் அங்கத்தவராயிருந்தார். 1920இல் அதன் தலைவரானார். உத்தியோகத்தரல்லாதார் ஒருவர் தெரிவுமூலம் அவ்வாசனம் ஏறியது அதுவே முதன்முறை. மேயர் என்னும் பெயர் அப்பொழுது சென்னையில் வழக்கில் இல்லை. 1933இலேதான் அது மீண்டு வந்தது. அப்பெயரை அவ்வாண்டில் ஏற்ற குமாரராஜா முத்தையா செட்டியாரும் வணிகக் குடும்பத்தவர் என்பது நோக்கற்பாலது.

அதே 1920இல் நடந்த தேர்தலில் அவரது நீதிக்கட்சி வென்றது. முதன்மந்திரிப் பதவி அவர் வாயில் தேடி வந்தது. அவர் அதனை ஏற்கவில்லை. சுப்பராயலு ரெட்டியார் ஏற்றார். இதனைத் துறவென்று சிலர் போற்றுவர். எனக்கோ, தன் கடையின் அளவறிந்த வணிகனின் விவேகமாகவே அது தோன்றுகிறது.

அவர் நகரசபையிற் செய்தவற்றுள் ஒன்றையே இங்கு விரித்துரைக்க விரும்புகிறேன். ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த நகரசபைப் பாடசாலைக்கு ஏழைப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவரும் பசியால் நின்றுவிட்டனர். பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவிற் சிற்றுண்டி வழங்க 1920இற் சபை தீர்மானித்தது. அந்த ‘ஓரணா’விலே வணிகனின் கை தெரிகிறது. பசியைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவோர் பலர். ஒரு பிள்ளையின் பசிக்கு விலை என்னவென்று கணக்கிட்டு, அதனைச் சபையின் ஏட்டில் ஏற்றுவோர் சிலரே.

மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் எங்கள் நயினாதீவே என்பது ஊரவர் கொள்கை. நாகபூஷணி அம்மன் கோயிலுக்கு வருவோர்க்கு அன்னமிடும் மடத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். அப்பாத்திரத்தில் முதற் பிச்சை இட்ட ஆதிரை, கடலோடிய வணிகன் சாதுவனின் மனைவி அன்றோ!

சிற்றுண்டி மேலும் சில பாடசாலைகளுக்குப் பரவியது. 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை 1924-25இல் 1,671 ஆயிற்று. இருந்தும், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்தல் ஆகாதென்று அரசாங்கம் தடுத்தது. கணக்குத் தலைப்பு ஒன்றினால் 1925 ஏப்ரலிற் பிள்ளைகளின் உணவு நின்றது. அவரும் அதே ஆண்டிற் காலமானார்.

அவரைக் குறையற்றவர் என்று கூறேன். 1921ஆம் ஆண்டுப் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது அவர் கட்சி கொண்ட நிலை ஆதிதிராவிடத் தலைவர்களின் மனத்தைப் புண்படுத்தியது, எம். சி. ராஜா பின்னர் கட்சியை விட்டே விலகினார். ஏழைப் பிள்ளையின் பசியறிந்தவர் ஆலைத் தொழிலாளியின் மனத்தாங்கலை அவ்வளவு அறிந்தாரல்லர் போலும்.

இன்று அவர் பெயரைத் தாங்கும் தியாகராய நகருக்குப் பட்டுச்சேலை வாங்கச் செல்லும் எம்மவர் எத்தனை பேர்! பெயருக்குரியவர் யாரென அங்கு எவரும் வினவக் காணேன். நின்றுபோன அச்சிற்றுண்டியை 1927இல் நகரசபை மறுபடி தொடங்கியது. இம்முறை 25 பாடசாலைகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகள் உண்டனர்.