தாழ்த்திய வண்டி

மோட்டார் வண்டியைத் தாழ்த்தி ஓட்டுவதில் நம் இளைஞர்க்குப் பெருவிருப்பு. அதனை வெறும் பகட்டென்று நான் தள்ளிவிட மாட்டேன். பாரம் நிலத்துக்கு அண்மையில் இருப்பின் வளைவில் வண்டி சாய்வது குறையும் என்பது பௌதிகம் கூறும் உண்மை. ஆயினும் உயரத்தை மாற்றுவோர் சக்கரத்தை மறந்துவிடுகின்றனர்.

என் பழைய மாணவன் ஒருவன் மொறிஸ் மைனர் ஒன்றை இரண்டு அங்குலம் தாழ்த்தினான். 1948ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய அவ்வண்டியின் முன்புறத்தைத் தாங்குவது சுருள்வில் அன்று. முறுக்குண்டு நிற்கும் நீண்ட உருக்குத் தண்டு. அதன் பற்களைச் சற்றே மாற்றிப் பொருத்தினால் முன்புறம் தாழும். பின்புறத்தில் அச்சுக்கும் வில்லுத் தகடுகளுக்கும் இடையே கட்டை வைப்பர்.

சில மாதங்களில் முன் ரயர்களின் உட்புறம் நூல் தெரியத் தேய்ந்தது. வெளிப்புறமோ புத்தம் புதிது! உடல் தாழும்போது சக்கரத்தின் தலை உட்சாய்கிறது. ஸ்ரியறிங் தண்டுகளின் சரிவும் மாறுவதால் சக்கரங்கள் நேர்நோக்குவதில்லை. அத்தகைய ரயர் மாரிகாலத்து வீதியைப் பற்றுமோ? அவன் பின்னிருக்கையில் நாள்தோறும் செல்பவர் அவனுடைய தாயார்.

நான் கூறியபின் அவன் சக்கரங்களைச் சீர்செய்வித்தான். அவற்றின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட அங்குலத்தின் 32இல் 3 பங்கு நெருங்கியிருத்தல் வேண்டும் என்பது செய்தோர் வகுத்த அளவு. மேலும், தாழ்ந்த வண்டியில் சக்கரம் மேலெழ இடம் குறைவு. பள்ளந்தோறும் இறப்பர்க் கட்டையில் மோதும். ஆதலால் இறுக்கமான அதிர்வுதாங்கிகளையும் பூட்டுவித்தான். தண்டு இன்னும் சற்றுத் தளர்ந்து அமரக்கூடும். அடுத்த மாதம் மீண்டும் அளந்து பார்க்கவிருக்கிறான்.