அட்லாண்டிக் உள்கரை நீர்வழியில் இருவர்: ஒரு பயணக் குறிப்பேடு

அக்டோபர் இறுதி. நார்ஃபோக், மைல் 0

அமெரிக்காவின் கிழக்குக் கரையோரத்து ஆறுகளையும் கழிமுகங்களையும் காயல்களையும் வெட்டுக் கால்வாய்களால் இணைத்து அமைந்த அட்லாண்டிக் உள்கரை நீர்வழி, வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக்கில் தன் மைல் கணக்கைத் தொடங்கி, ஏறத்தாழ 1,090 மைல் தெற்கே உள்ள மயாமியை எட்டுகிறது. இம்மைல் கடலோடிகளின் 1,852 மீட்டர் மைல் அன்று, 1,609 மீட்டர் கொண்ட தரை மைலே. குளிருக்கு முன் தெற்கே இறங்கும் சிறு பாய்மரப் படகுகள் பலவற்றில் கணவனும் மனைவியுமாக இருவரே எல்லா வேலையையும் பார்ப்பர். இக்குறிப்புகள் அத்தகைய ஓர் இணையரின் வழியைத் தொடர்கின்றன. புயல் பருவம் நவம்பர் 30 வரை நீடிப்பதாகக் கொள்ளப்படுவதால், குறித்த நாளுக்கு முன் படகு தெற்கே செல்வதைப் பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை. எனவே புறப்படும் நாளை வானிலையோடு காப்பீட்டுத் தாளும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

மறுநாள். டிஸ்மல் சதுப்புக் கால்வாய்

1805இல் திறக்கப்பட்ட இந்த 22 மைல் கால்வாயின் இரு முனைகளிலும் ‘லாக்’ எனப்படும் நீர்க்கதவறைகள் உள்ளன; படகை உள்ளே விட்டுக் கதவை அடைத்து, நீரை நிரப்பியோ வடித்தோ மட்டத்தை மாற்றும் இவ்வறைகள் அதனை ஏறக்குறைய 8 அடி உயர்த்திப் பின் இறக்குகின்றன. முன்கயிற்றை மனைவியும் பின்கயிற்றைக் கணவனும் கையில் பிடித்து, மட்டம் மாறமாற இழுத்தும் தளர்த்தியும் நிற்கவேண்டும். இறங்கும்போது கயிற்றை முடிச்சிட்டுவிட்டால் படகு சுவரில் தொங்கிவிடும். மரப்பட்டை, இலை ஆகியவற்றிலிருந்து கசியும் டானின் என்னும் துவர்ப்புப் பொருளால் இங்குத் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கிறது. பயணக் கையேடுகள் இக்கால்வாயின் அமைதியைப் புகழ்வதோடு நின்றுவிடலாகாது: இதை வெட்டியவர்கள் அடிமைகள் என்பதும், இதில் படகோட்டிய மோசஸ் கிராண்டி என்னும் அடிமை விடுதலை பெற்றபின் 1843இல் தன் வரலாற்றை லண்டனில் வெளியிட்டார் என்பதும் அதே அளவுக்குச் சொல்லத்தக்கவை.

நவம்பர் தொடக்கம். ரைட்ஸ்வில் பீச், மைல் 283

இவ்வழியில் படகின் வேகத்தைக் காற்றைவிடப் பாலங்களே அதிகம் கட்டுப்படுத்துகின்றன. ஃபிகர் எய்ட் தீவின் சுழல்பாலம் அரைமணிக்கு ஒருமுறையும், அதற்குச் சுமார் 5 மைல் தெற்கே உள்ள ரைட்ஸ்வில் பீச் தூக்குப்பாலம் மணிக்கு ஒருமுறையும் திறக்கின்றன. ஆகவே எட்டு மணித் திறப்பில் வெளியேறிய படகு மணிக்கு 5 மைலுக்குக் குறையாமல் சென்றால்தான் ஒன்பது மணித் திறப்பைப் பிடிக்கும். எதிரோட்டம் சிறிது இருந்தாலும் பாலம் கண்ணெதிரே மூடிக்கொள்ளும்; அடுத்த ஒரு மணி நேரமும் படகு ஒடுங்கிய நீரில் வட்டமிட்டபடி காத்திருக்கவேண்டும்.

நவம்பர் நடு. ஜார்ஜியா

கரை உள்வாங்கி வளைந்தும் கண்டத்திட்டு அகன்றும் இருப்பதால் இங்கு ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்றவற்றம், 7 முதல் 9 அடி வரை உயர்கிறது. லிட்டில் மட் ஆறு, ஜெக்கில் ஓடை போன்ற ஆழமற்ற இடங்களை நீர் ஏறும்போது கடப்பதே முறை. ஏற்றத்தில் தரைதட்டிய படகைச் சிறிது நேரத்தில் நீரே தூக்கிவிடும், ஆனால் அரை வற்றத்தில் தட்டிய படகோ, நீர் வடிந்து மீண்டும் அதே அளவுக்கு ஏறும்வரை ஏறத்தாழ ஆறு மணி நேரம் சாய்ந்து கிடக்கும்.

இங்கு நங்கூரமிடுவதும் கணக்கு வேலைதான். தாழ்நீரில் ஆழம் 10 அடி, ஓதம் 8 அடி, நீர்மட்டத்திலிருந்து படகின் முன்முனையான அணியம் 4 அடி எனில் மொத்தம் 22 அடி. அதன் ஐந்து மடங்காக 110 அடிச் சங்கிலி விடவேண்டும். வந்துசேர்ந்தபோது கண்ட 10 அடியை மட்டும் ஐந்தால் பெருக்கி 50 அடி விட்டவர்களுக்கு, நள்ளிரவு ஏற்றத்தில் சங்கிலியின் சாய்வு கூடி, நங்கூரம் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொள்ளக்கூடும். எந்திர இரைச்சலில் குரல் எடுபடாது; அணியத்தில் இருப்பவர் காட்டும் கைச்சைகையைப் பார்த்தே சுக்கானில் இருப்பவர் படகை நகர்த்துகிறார். பல இணையரிடையே சுக்கான் என்றும் கணவன் கையிலேயே இருப்பது பொருத்தமற்றது. சங்கிலி இழுக்க உடல்வலு வேண்டும், சுக்கானுக்குக் கவனமே போதும்.

டிசம்பர். ஃபுளோரிடா

இந்நீர்வழியின் நிலைப்பாலங்கள் பெரும்பாலும் 65 அடி உயரம் விட்டுக் கட்டப்பட்டவை. மயாமியின் ஜூலியா டட்டில் பாலம் மட்டும் 56 அடியே உயரம் உடையது. அதனினும் உயர்ந்த பாய்மரம் கொண்ட படகுகள் ஃபோர்ட் லாடர்டேலில் கடலுக்குள் இறங்கி, கடைசி மைல்களைத் திறந்த அட்லாண்டிக்கில் கடந்தே மயாமியை அடைகின்றன.