விளையாட்டுக் கருவியில் ஒரு நாட்காட்டி

விளையாட்டுக்கெனப் பிறந்த பொருள் வீட்டுப் பொறுப்பை ஏற்பதும் உண்டு. பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் 2003 ஒக்டோபரில் வெளியிட்ட ‘என்-கேஜ்’ கைத்தொலைபேசி அத்தகையது. அதன் விளிம்பைக் காதில் வைத்தே பேசவேண்டும் என்று உலகம் நகைத்தது. வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் அதனைத் தந்தபோது, பிள்ளைகள் விளையாட்டை நாடினர். நாமோ நாட்காட்டியை நாடினோம்.

பிறந்தநாளை ஒருமுறை பதிந்தால் ஆண்டுதோறும் அது தானாகவே நினைவூட்டும். தந்தையாரின் திவசத்துக்கு அது போதாது. திவசம் ஆங்கிலத் திகதியில் வருவதன்று, திதியில் வருவது. ஆதலால் ஒவ்வோராண்டும் வாக்கிய பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்நாளைப் புதிதாகப் பதிந்தோம்.

பஞ்சாங்கம் வேண்டாத நாளும் ஒன்றிருந்தது. 1990 யூனில் போர் எம்மை மயிலிட்டியை விட்டு வெளியேற்றிய நாள் அது. ஒருமுறை பதிந்ததே போதுமாயிற்று. ஆண்டு தவறாது எம்முன் வந்து நின்றது.

2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் மீண்டபோது அக்கருவி ஓய்ந்துவிட்டது. அந்த நாளைச் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மையினால் வட்டமிட்டோம்.

பிள்ளைகளே, கருவி எதுவாயினும் ஆகுக. எந்த நாளை மறக்கலாகாது என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருக்கவேண்டும்.