மூணா... ரெண்டா?

டாஃப்னியாவைத் தெரியுமா ஃப்ரெண்ட்ஸ்? குளத்துத் தண்ணியில் துள்ளித் துள்ளி நீந்துமே, அதேதான். பார்க்கப் பூச்சி மாதிரி இருக்கும். ஆனா இறால் வகையறா. ஒரு கெமிக்கல் ஆற்றில் கலந்தா என்னாகும்னு இதை வெச்சுதான் டெஸ்ட் பண்ணுவாங்க.

2004-ல் திருத்திய ஓ.ஈ.சி.டி. 202-ஆம் விதிமுறைப்படி, பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குட்டிகள் வேணும். ஒவ்வொரு அளவு கெமிக்கலுக்கும் 20 குட்டி. அஞ்சஞ்சா நாலு பீக்கர். 48 மணி நேரம் சாப்பாடு கிடையாது (பாவம்தான்!). அப்புறம் பீக்கரை லேசா ஆட்டிட்டு 15 விநாடி பாருங்க. நீந்தலைன்னா 'முடங்கியது'ன்னு எழுதணும். உணர்கொம்பு மட்டும் ஆடினாலும் அதே கணக்குதான். பாதிக் குட்டிகளை முடக்கும் அளவு எதுவோ, அதுதான் விடை.

கெமிக்கலே சேர்க்காத பீக்கர்களும் உண்டு. அதில் 20-க்கு 2 முடங்கலாம். 3 ஆச்சுன்னா மொத்த டெஸ்ட்டும் செல்லாது. தண்ணியிலயோ குட்டியிலயோ கோளாறு இருக்கலாம்; கெமிக்கல் மேல பழி போட முடியாதே!

எங்களுக்கு வந்தது 3. மறுநாள் ரெக்கார்டு சப்மிஷன். "மூணாவது லேசா நகர்ந்துச்சுல்ல?"ன்னா என் பார்ட்னர். நீங்களா இருந்தா என்ன எழுதுவீங்க? திரும்பக் குனிஞ்சு பார்த்தோம். கொம்புதான் ஆடுச்சு. 3-னே எழுதிட்டு, புதுக் குட்டிகளைப் பிரிக்க உட்கார்ந்தோம். ஹாஸ்டல் கேட் மூட இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.